விலை குறைவா, வில்லங்கமா?

வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். மாதம் எட்டாயிரம் மிஞ்சுகிறது. பங்குகளை வைத்துக்கொள்கிற டீமேட் கணக்கும் திறந்தாயிற்று. பி.இ. (பங்கின் விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல எத்தனை மடங்கு என்கிற எண்) பத்துக்குக் கீழே என்று ஸ்கிரீனரில், அதாவது பங்குகளைச் சலித்துத் தருகிற இணையதளத்தில், போட்டால் பங்குகள் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டுகின்றன. இவற்றில் நிஜமாகவே மதிப்புக்குக் குறைவாக விற்பது எது என்று புதிதாக வருகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரில் யாராவது செண்டு மூன்று லட்சம் போகிற இடத்தில் ஒன்றரைக்குத் தருகிறேன் என்றால் நாம் என்ன செய்வோம்? சந்தோஷப்படுவதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போம். பக்கத்து வீட்டில் விசாரிப்போம். அண்ணன் தம்பி கேஸா, வழி இல்லையா, ஏரிப் புறம்போக்கா என்று துருவுவோம். பெரும்பாலும் ஏதாவது ஒன்று இருக்கும். எப்போதாவது ஒருமுறை, மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணமே இருக்காது. அந்த ஒன்றைத்தான் வாங்க வேண்டும். பங்கிலும் வேலை இதுதான். ஸ்கிரீனர் உங்களுக்குக் குறைந்த விலைக்காரர்களின் பட்டியலைத் தரும். வில்லங்கம் போட்டுப் பார்ப்பது உங்கள் வேலை.

முதலில் ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எட்டு ரூபாய் பங்கு மலிவு, லட்ச ரூபாய் பங்கு விலை அதிகம் என்று நினைக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இந்தியாவில் எந்தப் பங்கும் அதற்கு முன் அந்த விலையைத் தொட்டதில்லை. கம்பெனியில் மொத்தமே 42 லட்சத்துச் சொச்சம் பங்குகள்தான், அதனால் ஒன்றின் விலை அவ்வளவு. பங்கு எண்ணிக்கையைப் பத்து மடங்காகப் பிரித்திருந்தால் பத்தாயிரம் என்று காட்டியிருக்கும், கம்பெனி அதே கம்பெனிதான். 2022-23-ல் அதன் லாபம் சுமார் 770 கோடி, அதாவது ஒரு பங்குக்கு 1,800 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். லட்சத்தை அதனால் வகுத்தால் பி.இ. 55. டயர் கம்பெனிக்கு இது அநியாய விலை என்றுதான் தோன்றும். ஆனால் மூலப்பொருள் விலை இறங்கியதில் அடுத்த ஆண்டு லாபம் 2,000 கோடியைத் தாண்டியது. அந்த லாபத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அதே ஒரு லட்சம் ரூபாய்க்கு பி.இ. இருபதை ஒட்டி வருகிறது. பி.இ. என்பது போன வருட மழையை வைத்து இந்த வருட விளைச்சலைச் சொல்கிற சமாச்சாரம் என்பதை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் மறுபக்கம்தான் உங்கள் பட்டியலில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். டாடா ஸ்டீல் 2021-22-ல் சம்பாதித்தது 41,749 கோடி. 2022 மார்ச் கடைசியில் பங்கு 1,300 ரூபாயை ஒட்டி இருந்தது, பி.இ. வெறும் நான்கு. நான்கு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும் போல இருக்கிறதே என்று பலர் வாங்கினார்கள். அடுத்த ஆண்டு லாபம் 8,075 கோடியாகச் சுருங்கியது, அதற்கடுத்த ஆண்டு 4,900 கோடிக்கு மேல் நஷ்டம். கம்பெனி மோசமானது என்று சொல்ல வரவில்லை. இரும்பு, சிமெண்ட், சர்க்கரை, ரசாயனம் போன்ற தொழில்களில் லாபம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். உச்ச லாபத்தில் பி.இ. மிகக் குறைவாகத் தெரியும். அதுதான் வாங்கக் கூடாத நேரம்.

இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 மே மாதம் பஞ்சு ஒரு கேண்டி (சுமார் 356 கிலோ) ஒரு லட்சத்தைத் தொட்டபோது திருப்பூரே நூல் விலையைக் கண்டு கதிகலங்கியதே, அப்போது நூற்பாலைகளின் கணக்கைப் பார்த்தால் லாபம் பிய்த்துக்கொண்டு போனது. பழைய விலைக்கு வாங்கி வைத்த பஞ்சு குடோனில் கிடந்தது, நூலைப் புது விலைக்கு விற்றார்கள். அந்தச் சமயம் பட்டியலில் இருந்த பல மில் பங்குகளின் பி.இ. நாலு, ஐந்து. பையர் ஆர்டரைக் குறைக்கிறான், நிட்டிங் மெஷின் ஓடவில்லை என்பது உங்களுக்குக் காலாண்டு முடிவு வருவதற்கு முன்பே தெரிந்திருக்கும். சென்னையில் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிற அனலிஸ்டுக்கு அது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். ஆகவே முதல் ஐந்து கம்பெனிகளை உங்கள் தொழிலைச் சுற்றியே படியுங்கள் என்று சொல்வேன். வாங்கச் சொல்லவில்லை, படிக்கச் சொல்கிறேன். நூல், டையிங், கார்மெண்ட், தையல் மெஷின், பேக்கிங் எல்லாவற்றிலும் பட்டியலான கம்பெனிகள் இருக்கின்றன.

என் முதல் பங்கும் ஒரு நூற்பாலைதான். பெயர் வேண்டாம். 2011-ல் பி.இ. மூன்று என்று பார்த்து, இதைவிட அடிமாட்டு விலைக்கு எங்கே கிடைக்கும் என்று நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். லாப நஷ்டக் கணக்கில் 'இதர வருமானம்' என்று ஒரு வரி உண்டு. அதை நான் பார்க்கவில்லை. மில்லுக்குச் சொந்தமான பழைய நிலத்தை விற்ற காசு அந்த வரியில் உட்கார்ந்திருந்தது. அதைக் கழித்தால் நூல் விற்று வந்த லாபம் ஏறக்குறைய பூஜ்யம். நிலத்தை ஒரு முறைதான் விற்க முடியும். அடுத்த வருடம் பி.இ. என்ற எண்ணே இல்லாமல் போயிற்று, ஏனென்றால் லாபமே இல்லை. என் நாற்பதாயிரம் பதினோராயிரம் ஆனபோது விற்றேன். அன்றிலிருந்து எந்தக் கம்பெனியின் கணக்கைத் திறந்தாலும் முதலில் கண் போவது அந்த வரிக்குத்தான்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருவோம். மலிவு எது, வில்லங்கம் எது என்று பிரித்துப் பார்க்க இரண்டு கரூர் வங்கிகளைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. கரூர் வைஸ்யா வங்கி 1916-ல் கரூரில் தொடங்கியது. லட்சுமி விலாஸ் வங்கி 1926-ல் அதே கரூரில் தொடங்கியது. வணிகக் குடும்பங்கள் ஆரம்பித்தவை, ஜவுளிக்காரர்களுக்கும் சிறு வியாபாரிகளுக்கும் கடன் கொடுத்து வளர்ந்தவை. 2020 மார்ச்சில் இரண்டுமே குப்பை விலைக்குக் கிடைத்தன. அந்த மாதம் 5-ம் தேதிதான் யெஸ் வங்கியில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. பின்னாலேயே கொரோனா. சின்னத் தனியார் வங்கி என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். கரூர் வைஸ்யா பங்கு 20 ரூபாயை ஒட்டி வந்தது. லட்சுமி விலாஸ், 2017-ல் 150 ரூபாய்க்கு மேல் விற்றது, அப்போது அந்த விலையில் பத்தில் ஒன்றுக்குப் பக்கம். அப்போது ஒரு நண்பர் என்னிடம் கேட்டது நினைவிருக்கிறது: "ரெண்டும் கரூர், ரெண்டும் இருபது ரூபாய்க்குள்ள. எதை வாங்கினா என்ன?"

விலையை மூடி வைத்துவிட்டு 2020 மார்ச் மாதக் கணக்கை மட்டும் பாருங்கள். யாரும் ரகசியம் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு வங்கிகளும் பங்குச்சந்தைக்குக் கொடுத்த பொது அறிக்கையிலேயே இருந்த எண்கள் இவை.

கரூர் வைஸ்யாவின் மொத்த வாராக்கடன் 8.68 சதவீதம். நல்ல எண் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லட்சுமி விலாஸில் அது 25 சதவீதத்துக்கு மேல், அதாவது கொடுத்த நூறு ரூபாயில் இருபத்தைந்து வரவில்லை. இதைவிட முக்கியமானது மூலதனப் போதுமை விகிதம். வங்கிக்கு அடி விழுந்தால் தாங்குகிற சொந்தப் பணம் எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லும். கரூர் வைஸ்யாவில் 17 சதவீதம். லட்சுமி விலாஸில் 1.12 சதவீதம். ஒருவருக்குக் காய்ச்சல், இன்னொருவர் ஐ.சி.யூ.வில். அப்புறம் லாபம்: லட்சுமி விலாஸ் தொடர்ந்து மூன்று ஆண்டுகளாக 585 கோடி, 894 கோடி, 836 கோடி என்று நஷ்டம் காட்டியிருந்தது. கரூர் வைஸ்யா 235 கோடி நிகர லாபம். அது சின்ன லாபம்தான். ஆனால் வாராக்கடனால் வரும் நஷ்டத்துக்கென்று ஒதுக்கி வைப்பதற்கு முன்னால் அந்த ஆண்டு வங்கி சம்பாதித்தது 1,700 கோடி அளவில்.

இந்தக் கடைசி எண்ணில் கொஞ்சம் நில்லுங்கள். கரூர் வைஸ்யாவில் சுமார் 80 கோடி பங்குகள். ஒன்று 20 ரூபாய் என்றால் மொத்த வங்கியின் சந்தை விலை 1,600 கோடி. ஒரே ஆண்டில் ஒதுக்கீட்டுக்கு முன் சம்பாதிக்கிற தொகைக்கு வங்கியையே முழுசாக வாங்கிவிடலாம் என்று சந்தை சொல்லிக்கொண்டிருந்தது. புத்தக மதிப்போ (சொத்தில் கடனையெல்லாம் கழித்தால் பங்குதாரருக்கு மிஞ்சுவது) பங்குக்கு 80 ரூபாய்க்குப் பக்கத்தில். வாராக்கடனில் பாதி திரும்பவே வராது என்று வைத்துக் கணக்குப் போட்டால்கூட அந்த மதிப்பு 20 ரூபாய்க்கு இறங்கவில்லை. 'மதிப்புக்குக் கீழே' என்று நான் சொல்வது இதைத்தான்: மோசமானதை வைத்துக் கணக்குப் போட்ட பிறகும் விலை அதைவிடக் குறைவாக இருப்பது. லட்சுமி விலாஸில் இந்தக் கணக்கே போட முடியாது. அங்கே மோசமானதை வைத்துப் பார்த்தால் பங்குதாரருக்கு மிச்சம் ஒன்றும் வரவில்லை.

எண் தெரியாதவர்களுக்கும் கண்ணில் படுகிற மாதிரி வேறு அறிகுறிகள் இருந்தன. 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி லட்சுமி விலாஸைத் திருத்த நடவடிக்கைப் பட்டியலில், அதாவது பலவீனமான வங்கிகளைக் கட்டுக்குள் வைக்கிற பட்டியலில், வைத்துவிட்டது. இந்தியாபுல்ஸ் ஹவுசிங் என்ற வீட்டுக்கடன் கம்பெனியோடு இணையக் கேட்ட அனுமதியை அடுத்த மாதமே மறுத்தது. 2020 செப்டம்பரில் பொதுக்குழுக் கூட்டத்தில் பங்குதாரர்களே நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். நவம்பர் 17-ம் தேதி கட்டுப்பாடு வந்தது, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 27-ம் தேதி வங்கி டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு சேர்ந்தது. டெபாசிட் போட்டவர்கள் பணம் பத்திரம். பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா இல்லை, மூலதனம் முழுவதையும் அழித்து எழுதிவிட்டார்கள். கட்டுப்பாட்டுக்கு முந்தைய விலை 15 ரூபாய்ச் சொச்சம். 'பதினைந்து ரூபாய்க்குக் கீழே இதற்குமேல் என்ன இறங்கிவிடப் போகிறது' என்று வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பூஜ்யம் வரைக்கும் இறங்கும்.

கரூர் வைஸ்யாவில் வாராக்கடன் மெல்ல மெல்லக் கரைந்தது. 2022 மார்ச்சில் ஆறு சதவீதத்தை ஒட்டி வந்தது, 2024 மார்ச்சில் 1.40. நிகர லாபம் அந்த ஆண்டு 1,605 கோடி. 2020-ல் சந்தை மொத்த வங்கிக்கும் போட்ட விலை அது. பங்கு 200 ரூபாயைத் தாண்டியது.

நடந்து முடிந்த பிறகு கதை சொல்வது யாருக்கும் சுலபம் என்று நீங்கள் நினைத்தால் நியாயம்தான். கொரோனா இன்னும் இரண்டு வருடம் நீடித்திருந்தால் கரூர் வைஸ்யாவும் 80-ஐப் பார்க்கவே பல வருடம் ஆகியிருக்கும். ஆனால் செத்திருக்காது. புதிதாக வருகிறவர் பிடித்துக்கொள்ள வேண்டிய வித்தியாசம் அது என்பது என் கட்சி. எவ்வளவு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழைக்குமா என்பதை ஓரளவு சொல்லலாம், அதற்கான எண்கள் கண் முன்னாலேயே இருக்கும்.

வங்கி அல்லாத கம்பெனிக்கு இதே சோதனையை எப்படிச் செய்வது? கடன் எவ்வளவு, அதற்கு வட்டி எவ்வளவு, வட்டிக்கு முந்தைய லாபம் அதைப்போல எத்தனை மடங்கு என்று பாருங்கள். இரண்டு மடங்குகூட இல்லை என்றால் நான் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவேன். அப்புறம் பணவரவு அறிக்கை. லாபம் என்று கணக்கில் எழுதியது கையில் காசாக வந்ததா என்று அது சொல்லும். ஐந்து வருட லாபத்தைக் கூட்டுங்கள், ஐந்து வருடச் செயல்பாட்டுப் பணவரவைக் கூட்டுங்கள். லாபம் 500 கோடி, காசு வந்தது 120 கோடி என்றால் மீதி எங்கே? பெரும்பாலும் வசூலாகாத பில்லிலும் விற்காத சரக்கிலும் கிடக்கும். நீங்கள் பையரிடம் பேமெண்ட் வாங்கப் படும் பாடு உங்களுக்குத் தெரியும், அதே பாடுதான்.

ப்ரோமோட்டர், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கிற முதலாளி, தன் பங்குகளை அடகு வைத்திருக்கிறாரா என்பதை ஒவ்வொரு காலாண்டும் பங்குச்சந்தைத் தளத்தில் போடுகிறார்கள். ஆடிட்டர் பாதியில் ராஜினாமா செய்தால் அதையும் அறிவிக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இருந்தாலே நான் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன். நல்ல பங்கு ஒன்று கைநழுவிப் போனாலும் பரவாயில்லை, ஐயாயிரத்துக்கு மேல் கம்பெனிகள் இருக்கிற நாடு இது.

இத்தனையும் பார்த்தாலும் ஏமாறலாம். சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2009 ஜனவரி 7-ம் தேதி வரை கணக்கைப் பார்த்தால் நல்ல கம்பெனிதான். அன்றைக்கு அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில்தான் கணக்கில் காட்டிய வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் கிடையவே கிடையாது என்று தெரிந்தது. ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு அது. நீங்களும் நானும் வீட்டில் உட்கார்ந்து இதைப் பிடித்திருக்க முடியாது. ஆகவே ஒரு பங்கில் மொத்தப் பணத்தில் பத்தில் ஒன்றுக்கு மேல் போடாதீர்கள். உங்கள் எட்டாயிரத்தில் ஆறாயிரம் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுக்கு (ஐம்பது பெரிய கம்பெனிகளைச் சேர்த்து வாங்குகிற ஃபண்டு) எஸ்.ஐ.பி.யாக, அதாவது மாதத் தவணையாக, போகட்டும், மீதி இரண்டாயிரத்தைச் சேர்த்து வைத்து இந்த விளையாட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். சப்பென்று இருக்கிறதா? கற்றுக்கொள்ளும் காலத்தில் செய்கிற தப்புகள் இரண்டாயிரத்தின் அளவிலேயே இருக்கும் என்பது அதிலுள்ள சௌகரியம்.

நடுவில் ஒரு வேடிக்கை. எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்று ஒரு கம்பெனி. மொத்தமே இரண்டு லட்சம் பங்குகள். ஒன்றின் விலை 3 ரூபாய் 53 காசு என்று வருடக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்தது, அதாவது கம்பெனியின் மொத்த விலை ஏழு லட்சம், ஒரு மாருதி கார் காசு. ஆனால் அதன் கையில் ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகள் பல ஆயிரம் கோடிக்கு இருந்தன. இந்தியாவிலேயே இதைவிட மதிப்புக்குக் கீழே ஒரு பங்கு இருந்திருக்க முடியாது. ஒரே சிக்கல், அந்த விலைக்கு விற்க ஒருவரும் தயாரில்லை. 2024 அக்டோபர் 29-ல் மும்பை பங்குச்சந்தை சிறப்பு ஏலம் நடத்தியபோது ஒரே நாளில் 2,36,250 ரூபாய்க்குப் போயிற்று. ஸ்கிரீனரில் கண்ணைப் பறிக்கிற ஏதாவது வந்தால், அது தினமும் எத்தனை பங்கு கைமாறுகிறது என்பதையும் பாருங்கள் என்பதற்காகச் சொன்னேன்.

பொறுமை பற்றியும் ஒரு வார்த்தை. கோல் இந்தியா 2010 நவம்பரில் 245 ரூபாய் விலையில் சந்தைக்கு வந்தது. பத்து வருடம் கழித்து 2020 அக்டோபரில் 115 ரூபாயை ஒட்டிக் கிடந்தது. நடுவில் டிவிடெண்ட் தாராளமாகக் கொடுத்தார்கள், லாபமும் இருந்தது. இருந்தும் சந்தை திரும்பிப் பார்க்கவில்லை. 2024-ல் அதே பங்கு 500-ஐத் தாண்டியது. மலிவாக வாங்கிய பங்கு எப்போது நம் கணக்குக்கு வந்து சேரும் என்று யாரும் தேதி குறித்துத் தர முடியாது. மூன்று வருடத்துக்குள் தேவைப்படுகிற பணமாக இருந்தால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

எப்போது விற்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வாங்கும்போதே அதை எழுதி வைத்துவிட வேண்டும். நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பங்குக்கு ஒரு பக்கம்: ஏன் குறைவாக விற்கிறது, அந்தக் காரணம் தீர எது நடக்க வேண்டும், நான் நினைத்தது தப்பு என்று எதைப் பார்த்தால் தெரியும். மூன்று வரிக்கு மேல் எழுத வராவிட்டால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், வாங்க மாட்டேன்.

கரூர் வைஸ்யாவுக்கும் ஒரு பக்கம் உண்டு. 2020-ல் எல்லாக் கணக்கையும் போட்டுவிட்டு, பயந்துபோய் வாங்காமல் விட்டேன். 2021-ல் 45 ரூபாய்க்கு வாங்கினேன். நோட்டில் என் கையெழுத்தில் இருப்பது இது: 'மொத்த வாராக்கடன் 3 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை விற்கக் கூடாது.' 2022-ல் அறுபத்துச் சொச்சம் வந்ததும், நாற்பது சதவீத லாபம் போதும் என்று நோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் விற்றுவிட்டேன். அப்போது வாராக்கடன் 5 சதவீதத்துக்கு மேல். 2023 மார்ச்சில் அது 2.27-க்கு வந்தபோது பங்கு நூறு ரூபாயை ஒட்டி இருந்தது.